உட்கார்ந்தே ஓட்டியவன்

மார்ச் 4, செவ்வாய்
முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு நடமாடச் சொல்லித்தருகிறார் டாக்டரம்மா. "ஜிம்முக்கெல்லாம் போக வேணாம். வீட்டுக்குள்ளயே எழுந்து வேலை பாருங்க. சர்க்கரை இப்படியே ஏறினா கால் தாங்காது." என் மகள் வயதுதான் இருக்கும். பக்கத்தில் என் மனைவி, விடாமல் தலையாட்டிக்கொண்டு. இவள் யார் பக்கம்?

மார்ச் 5
தண்ணீர் கேட்டேன். "எழுந்து எடுத்துக்குங்க" என்றாள். எழவில்லை. மாத்திரையை வெறும் வாயில் விழுங்கினேன்.

மார்ச் 9
நடக்கப் போகிறேன் என்று கிளம்பி, தெருமுனை சலூனில் ஒரு மணி நேரம் பேப்பர் படித்துவிட்டு வருகிறேன். மூன்று நாளாக. வீட்டில் தொணதொணப்பு இல்லை.

மார்ச் 12, புதன்
குட்டு உடைந்தது. நான் மறந்து வைத்த கண்ணாடியைச் சலூன்காரர் வீடு தேடி வந்து கொடுத்திருக்கிறார். "தினம் வந்து உட்காருறார், முடி மட்டும் வெட்டிக்க மாட்டேங்கறார்" என்றாராம். பாவி மனுஷன்.

"எனக்கென்ன, உங்க காலு" என்றாள்.

"நீ மட்டும் நாள் பூரா உட்கார்ந்து டிவி பாக்கலாம், நான் நடக்கணுமா?" என்றேன்.

"உட்கார்ந்தா? நான் எப்ப உட்கார்ந்தேன்? ஒரு நாளைச் சொல்லுங்க பாப்போம்!"

கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். யோசித்துப் பார்த்தேன். சொல்ல ஒரு நாளும் அகப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 13
சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

மார்ச் 20, வியாழன்
மாடிப்படியில் தடால் என்று சத்தம். ஓடினேன் – ஆமாம், நான் ஓடினேன். பக்கெட் உருண்டு கிடக்கிறது. படி முழுக்க ஈரத்துணி. வலது தோளைப் பிடித்தபடி அவள்.

"கை தூக்க முடியல."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா? நீங்க வந்து காயப்போட்டிருப்பீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கோபமாகவும் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. துணியை அள்ளிக்கொண்டு ஏறினேன். மேலே போவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. ரெண்டு மாசமா இந்தத் தோளோட எப்படிடி ஏறினே?

மார்ச் 21
தோளில் தசைநார் கிழிந்திருக்கிறதாம். மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது.

ஏப்ரல் 6
கூட்டினால் மூலையில் தூசி என்கிறாள். பாத்திரம் தேய்த்தால் பிசுக்கு என்கிறாள். "அப்ப நீயே தேய்" என்றேன். கழுத்தில் மாட்டிய பட்டையில் தொங்கும் அவள் கையை அப்புறம்தான் பார்த்தேன். மறுபடி தேய்த்தேன்.

ஏப்ரல் 19
முதுகு விண்விண்ணென்கிறது. இத்தனை வேலையையும் எங்கே ஒளித்து வைத்திருந்தாள்?

ஜூன் 2, திங்கள்
சர்க்கரை இறங்கியிருக்கிறது. "நல்லா நடக்கறீங்க போல!" என்றார் டாக்டரம்மா.

"நடக்கறதில்லை. வீட்டு வேலை செய்யறேன்." காது சூடானது.

"சுமாரா செய்றார்" என்றாள் இவள்.

ஜூன் 24, செவ்வாய்
தோள் சரியாகிவிட்டதாம். காலையிலேயே விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டாள்.

"கீழ வை."

"உங்களுக்கு ஒழுங்கா வராது."

"வராட்டிப் போகுது. உட்காரு."

முறைத்தாள். நானும் முறைத்தேன். உட்கார்ந்தாள், நாற்காலி நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடுகிறவள் போல. கூடத்தில் பாதியைக் கூட்டிவிட்டுத் திரும்பினால், சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். கால் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினேன்.