இலிஷா, இறாலா?

டிசம்பர் 12, வெள்ளி

விளையாட்டு மியூசியத்தில் இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்தைத் தனியாகச் சுற்றிக் காட்டினேன். நாலாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பழைய கால்பந்துக் கோப்பை முன்னால் வந்ததும் வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. இந்தக் கொல்கத்தாவில் ஒரு கிளப் ஜெயித்தால் இலிஷ் மீன் சமைப்பார்கள், எதிர் கிளப் ஜெயித்தால் இறால். அவரவர் மீன் பேரைச் சொல்லி அலறினார்கள். அடக்க வேண்டிய டீச்சரும் இறால் பக்கம் சேர்ந்துகொண்டார். மேனேஜர் எட்டிப் பார்த்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

ஒரு சிறுமி என் துப்பட்டாவை இழுத்து, "ஆன்ட்டி, உங்க வீட்டுல எது?" என்றாள்.

"எங்க வீட்டுல மீனே சமைக்க மாட்டோம்."

எல்லாரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி என்னைப் பார்த்தார்கள். பிறகு அவளே, "அப்போ நீங்கதான் ரெஃப்ரீ" என்றாள். அதற்கப்புறம் நான் கையைத் தூக்கினாலே போதும், சத்தம் அடங்கிவிடும்.

அடுத்த வாரம் வரும் பள்ளிகளையும் என்னிடமே விடுகிறாராம் மேனேஜர். இந்த ஊரில் நடுநிலையான ஆள் கிடைப்பது கஷ்டமாம்.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். போன மாதம் இறால்காரர்கள் ஜெயித்த வருத்தத்தில் நான் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை.