பதிவேட்டில் எழுதிய கிடா

ஆகஸ்ட் 9

எங்கள் பெண்கள் ஆட்டுக் குழுக் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. குழுக் கிடா துரையைப் பக்கத்து ஊர்க் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய கறுப்பனை வாங்கப்போகிறோமாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டுமாம். சொன்னது யார்? தலைவியம்மா. என் ஓரகத்தி. தாயில்லாமல் வந்த துரைக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது நான். கை தூக்கச் சொன்னபோது ஒன்பது பேரில் எட்டுக் கை மேலே போனது. பெரிய இவ!

ஆகஸ்ட் 10

என் ஆடுகள் இரண்டும் ஒரே நாளில் பருவத்துக்கு வந்து கத்துகின்றன. ஓரகத்தியிடம் போய்ச் சொன்னால், "மூணு வாரம் பொறு, திரும்பப் பருவத்துக்கு வரும். புதுக் கிடாகிட்ட விடலாம். ரெண்டும் துரைக்குப் பொறந்ததுடி. அப்பன்கிட்டயே பொண்ண விடுவியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் கொட்டகையில் யாருமில்லை. இரண்டையும் ஓட்டிப்போய்த் துரையிடமே விட்டேன். என் ஆடு, நான் வளர்த்த கிடா. நடுவில் இவள் யார்?

ஆகஸ்ட் 11

துரை போய்விட்டான். வண்டியில் ஏறமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டான். கறுப்பன் வந்திருக்கிறான். மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 31

எந்த ஆட்டை எந்தக் கிடாவிடம் என்றைக்கு விட்டோம் என்று எழுதும் குழுப் பதிவேடு என் கைக்கு வந்தது. கிடா: கறுப்பன். தேதி: இன்று. எழுதிவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

ஜனவரி 7

பெரியவள் குட்டி போட்டாள். ஒன்று செத்தே பிறந்தது. இன்னொன்றுக்குத் தாடை கோணல். காம்பைப் பிடிக்கத் தெரியாமல் என் விரலை முட்டிக்கொண்டே இருந்தது. பஞ்சில் நனைத்துப் பிழிந்தேன். இறங்கவில்லை.

ஜனவரி 9

சின்னவளுடையதும் போயிற்று. ஒன்றுகூட மிஞ்சவில்லை. இந்த ஆடுகள் கைவிட்டால் திரும்பவும் செங்கல் சூளைதானா? ஐயோ, என்னால முடியாது. சத்தியமா முடியாது.

துக்கம் கேட்க வந்த எங்கள் குழுத் தையல்காரி, "அந்தக் கறுப்பன் வந்த நேரமே சரியில்ல" என்றாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஜனவரி 12

கூட்டத்தில் ஒரே கூச்சல். ஓரகத்தி பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு, "இதுப்படி நாலு மாசம் சொச்சம்தான் ஆகுது. ஆட்டுக்கு அஞ்சு மாசம் வேணும். நாள் நெறையாத குட்டிக்கு இத்தன பல்லும் ரோமமும் இருக்குமா? நெஜத்தச் சொல்லு" என்றாள்.

"செத்த குட்டி மேலயும் சந்தேகமா உனக்கு? நீ கொண்டுவந்த கிடாதானே!" என்று கத்தி அழுதேன். அழுகை நிஜம்தான். மற்ற ஏழு பேரும் அவள்மேல் பாய்ந்தார்கள். கறுப்பனைக் கறிக்குக் கொடுப்பது, அவளைத் தலைவி பதவியிலிருந்து இறக்குவது, என்னை உட்காரவைப்பது — மூன்றும் அரைமணியில் முடிந்தது. வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், அப்படித்தான் இருந்தது.

ஜனவரி 15

கறிக்கடைக்காரர் ஓட்டிப்போனார். நான் வெளியே வரவில்லை.

பிப்ரவரி 4

தையல்காரி வீட்டில் கறுப்பனுக்கு இரட்டைக் குட்டி. அரைமணியில் எழுந்து நின்று பால் குடிக்கின்றனவாம். ஏதோ ஒன்று தப்பியிருக்கும்.

பிப்ரவரி 9

டீக்கடைக்காரி வீட்டில் மூன்று. மூன்றும் திமுதிமுவென்று ஓடுகின்றன. "தலைவி, வந்து பாருங்க" என்று ஆள் அனுப்பினாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 16

ஓரகத்தி வீட்டிலும் இரட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் கத்துவது இங்கே கேட்கிறது. இப்போதெல்லாம் குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. பார்க்கட்டும். எத்தனை நாளைக்குப் பார்ப்பார்கள்?

மார்ச் 3

சின்னவள் காலையிலிருந்து கத்துகிறாள். பருவம். தையல்காரியின் இன்னொரு ஆடும் அப்படியே. பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போன் போட்டேன். "மாத்திக் குடுத்த கிடாவ வெட்டித் தின்னுட்டு இன்னொண்ணு கேக்குறீங்களே, வெக்கமா இல்ல?" என்று வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் எட்டுப் பேரும் வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. முன்னால் நின்றவள் ஓரகத்திதான். பல்லைப் பற்றிக் கேட்கவில்லை, தேதியைப் பற்றிக் கேட்கவில்லை.

"கிடா எங்க, தலைவி?" என்றாள்.

"பாத்துச் சொல்றேன்க்கா" என்றேன்.

இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பதினோரு வருஷத்தில் அவளை அக்கா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அவள் திரும்பிப் போனாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே போனார்கள்.