கிளறன்ஸ் அங்கிளின் பிறந்தநாள் படம்

தோஹா

அன்புள்ள அம்மாவுக்கு,

கொச்சிக்கடை அந்தோனியார் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? மருந்தை இடையில் நிறுத்த வேண்டாம்.

போனில் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் இங்கிருந்து லீவில் ஊருக்கு வரும் லவினாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வெளிநாட்டிலிருக்கும் நம் கொட்டாஞ்சேனை ஆட்களுக்காகக் கிளறன்ஸ் அங்கிள் ஊரிலிருந்தே நடத்திய வாட்ஸ்அப் குறூப்பை மூடிவிட்டார். காரணம் நான்தான்.

போன திங்கள் வேலைக்குப் போகும்போது குறூப்பில் அங்கிளின் படம் வந்தது. முன்னால் ஒரு மெழுகுதிரி. கீழே எழுதியிருந்ததை வாசிக்காமல், “நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே” என்று செத்தவர்களுக்கான செபத்தைப் போட்டுவிட்டேன். என்னைப் பார்த்து நாற்பது பேர் அதையே போட்டார்கள். அது அவருடைய எழுபதாவது பிறந்தநாள், அம்மா. மெழுகுதிரி நின்ற கேக் படத்தில் விழவில்லை.

அங்கிள் ஒரே வரிதான் எழுதினார்: “செத்தவன் குறூப் நடத்தேலாது, பிள்ளையள்.” பிறகு எல்லாரையும் நீக்கிவிட்டார்.

சிலர் புதிதாக ஒன்று தொடங்கப் போகிறார்களாம். என்னைச் சேர்ப்பார்களோ தெரியாது. சைப்பிரசில் வீட்டுவேலை செய்யும் மரியகொறற்றி அக்கா, “தம்பி, இனி நான் ஆரோட தமிழ் கதைக்கிறது?” என்று கேட்டிருந்தா. என் போனும் இப்போது காலையில் சத்தம் போடுவதில்லை.

லவினா தரும் பேரீச்சம்பழத்தில் பாதியை அங்கிள் வீட்டில் கொடுங்கள். நான் தந்ததாகவே சொல்லுங்கள்.

கம்பனி பஸ் வந்துவிட்டது. அங்கிள் சிரித்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கறண்ட் போனாலும் அவர் முன்னால் மெழுகுதிரி கொளுத்த விடாதீர்கள்.

உங்கள் மகன்
ரொஷான்