பாதி ஒன்று, பாதி வேறு

அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி எப்படி இருக்கிறது? பரவாயில்லை என்று எழுதினால் நம்ப மாட்டேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு நோயாளியின் சளியில் விநோதமான கொரோனா கிடைத்தது. அதன் மரபணுத் தொடரில் முன்பாதி ஒரு வகை, பின்பாதி வேறு வகை. பக்கத்து மேசைக்காரி இரண்டு மாதிரிகளைக் கலந்துவிட்டாள் என்றே சந்தேகப்பட்டேன்.

"என்மேல பழி போடாத. அந்த நோயாளிகிட்டேருந்து புதுசா சளி வரவழைச்சு நீயே பாரு" என்றாள்.

பார்த்தேன். அதே ஒட்டு வைரஸ்தான்.

நேற்று அது என் மூக்கிலும் கிடைத்தது. வெறும் ஜலதோஷம், பயப்படாதே; அறையில் தனியாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். யாரிடமிருந்து யாருக்குப் பரவியது என்று தேடுகிறவர்கள், "இந்த வாரம் யார் யார்கூட பேசினீங்க?" என்று கேட்டார்கள். எவ்வளவு யோசித்தும் அவள் ஒருத்திதான் தேறினாள். மறுபடியும் சந்தேகம் அவள்மேல்தான்.

சமைக்கும்போது போன் போடு. பேச வேண்டாம், பாத்திரச் சத்தம் போதும்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். சாப்பாடு வைக்க அவள்தான் வந்திருப்பாள், வேறு யார்? முடிக்கிறேன்.

உன் மகள்