எதிராளி இல்லாத சாம்பியன்

12-3-1977
கிளப்பில் கையெழுத்துப் போட்டாயிற்று. இனி நான் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரி. ஆடிப் பரிசுப் பணம் வாங்கலாம், சொல்லிக்கொடுத்துக் கூலியும் வாங்கலாம். "இங்கே பெண்களில் நீங்கதான் முதல் ஆள்" என்றார் செயலாளர் வெங்கிடராமன். மட்டாஞ்சேரி படகுத்துறையில் இறங்கியபோது தலைகால் புரியவில்லை.

மிளகு மண்டியிலிருந்து வந்த வீட்டுக்காரர் கேட்டது: "அப்போ இனி டைப்பிங் ஆபீசுக்குப் போகண்டாமா?"

15-3-1977
கிளப் வழக்கமாம்: பணத்துக்கு ஆடுகிறவர்கள் முன்கூடத்துக்குள் வரக்கூடாது, பின்னால் உள்ள கொட்டகைதான். கொட்டகையில் பெண்களுக்கு இடமில்லை. போன வாரம்வரை அதே கூடத்தில் மின்விசிறிக்கடியில் சாயா குடித்தவள் நான்! படகிலேயே ஷூ மாற்றிக்கொண்டேன். நல்ல முன்னேற்றம்.

2-9-1977
பெண்கள் கோப்பையில் பெயர் கொடுக்கப் போனேன். அது பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்காம். மூன்று தடவை நான் ஜெயித்த கோப்பை! சரி, ஆண்களின் தொழில்முறைப் போட்டி?

"அவங்க மனசு நோகும்மா" என்றார் செயலாளர்.

"என்கிட்ட தோத்தாலா?"

"ஜெயிச்சாலும்தான்."

தொழில்முறைப் பெண்களுக்கென்று போட்டி நடத்தத் தயாராம் — இரண்டாவது பெண் கிடைத்தால். அட கடவுளே, என்ன பண்ணித் தொலைச்சேன்! என்னோட மோத ஒரு ஆள் வேணும். வேற என்ன கேட்டேன்?

3-9-1977
"சாம்பியனுக்கு ஒரு சாயா போட சமயம் கிட்டுமோ?" என்றார் வீட்டுக்காரர். போட்டேன். சர்க்கரை போடவில்லை.

20-6-1981
உறுப்பினர்களின் மனைவிமாருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு பேர் அருமையாக அடிக்கிறார்கள். "நீங்களும் கையெழுத்துப் போடுங்களேன்" என்றால் கூடத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள். உள்ளே கட்லெட் வாசனை. அந்தக் கூடத்தை யார் விடுவார்கள்?

8-1-1984
பத்திரிகைக்காரர் வந்தார். "தொழில்முறையில் உங்களை யாருமே தோற்கடித்ததில்லையாமே?" ஆமாம் என்றேன். பொய் இல்லையே. அவர் போனபிறகு அழுகை வந்தது.

16-11-1986
ஏலூர் உரக் கம்பெனி ஃபோர்மன் மகள் அங்கம்மாள் போன மாதம் கையெழுத்துப் போட்டாள். இன்று நாங்கள் இருவர் மட்டும் ஆடிய போட்டி. கடைசிக் குழியில் நான் தோற்றேன்.

"பாக்கியம் சேச்சி, க்ஷமிக்கணும்" என்று அந்தப் பெண் கண்கலங்கி நின்றாள். "போடி லூசு!" என்று கட்டிக்கொண்டேன். திரும்பும் படகில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் தோற்றுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை மறுபடி ஆட்டம். அவளைச் சும்மா விடுவேனா?