சாட்சி சொன்ன மகனுக்கு

கல்முனை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் லக்சனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர வீட்டில் குறை ஒன்றும் இல்லை, ஆண்டவர் நடத்துகிறார். கட்டாரில் வெயில் தணிந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. என் கண்ணாடி உடைந்து கடையில் கிடக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்லச் சுஜித்தா எழுதுகிறாள். உன் தங்கச்சி பட்டம் எடுத்தவள் அல்லவா, நான் கதைப்பதை நேராக்கித்தான் எழுதுவாள், அம்மாவின் கதை இல்லையென்று நினைக்காதே. முடித்ததும் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். போனில் சொல்லலாம் என்றால், நான் போனைத் தூக்கினதும் அப்பா பக்கத்தில் வந்து இருந்துவிடுகிறார்.

போன ஞாயிறுக்கு முதல் ஞாயிறு நீ எடுத்துக் கதைத்ததிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. உங்கள் ஜெபக்கூட்டத்தில் இருநூறு பேருக்கு முன்னால் சாட்சி சொன்னாயாம், குடித்தது, அடிபட்டது, வாய்க்கால் கட்டினை வெட்டிவிட்டு இன்னொருவர் மேல் பழி போட்டது எல்லாம் சொன்னாயாம், எல்லாரும் கை தட்டினார்களாம். எந்த வாய்க்கால் என்று நான் கேட்டேன். நம்மட வயல் வாய்க்கால்தான் அம்மா, அதெல்லாம் கழுவப்பட்டுப் போச்சு, நான் இரட்சிக்கப்பட்டு மூன்று மாசமாகுது என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அடுப்பில் கறி அடிப்பிடித்ததே எனக்குத் தெரியவில்லை.

மகன், இரண்டு வருடத்துக்கு முதல் கோடைச் சிறுபோகத்தில் நம்மட சவளக்கடை வயலுக்குத் தண்ணீர் காணாமல் கிடந்ததே. அந்தக் கட்டு இரவில் வெட்டுப்பட்டுத் தண்ணீர் வழிமாறி, கீழ்வயல்காரர் பதினொரு பேரின் பயிர் காய்ந்தது. வயல்காரர் கூடி வைத்த விசாரணையில் சாட்சி யார் என்று கேட்டார்கள். தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை ஸலாஹுதீன் காக்காதான் வெட்டினார், என் மகன் கண்ணால் கண்டவன் என்று அப்பா உன்னை முன்னால் விட்டார். நீயும் ஓம், கண்டேன் என்றாய். அந்த ஒரு சொல்லோடு அவருடைய பதவி போனது. அண்ணன் போல ஊரே காக்கா என்று கூப்பிட்ட, பதினாறு வருடம் முறை தவறாமல் தண்ணீர் விட்ட மனுசனைத் தேத்தண்ணிக் கடையில் தண்ணிக் கள்ளன் என்று பகிடி பண்ணினார்கள். பள்ளிவாசலில் ஒருவன், காக்கா, தொழ முதல் கை கால் கழுவி வுழூ எடுக்க எங்களுக்கும் கொஞ்சம் தண்ணி திறந்து விடுங்களன் என்று கேட்டானாம். அவருடைய மனைவி சுஹறா சந்தையில் என்னைக் கண்டால் குடையைச் சரித்துக்கொண்டு போவா. பெருமை பிடித்தவள் என்று நான் அவவைத்தான் பிழையாக நினைத்திருந்தேன்.

இவ்வளவும் எழுதியதும் சுஜித்தா பேனையை வைத்துவிட்டாள். அவளுக்கு இப்போதுதான் தெரியும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிற பிள்ளை, கட்டு வெட்டுப்பட்ட அன்றைக்கு விடிய அண்ணா என்னிடம்தான் மண்வெட்டியைக் கழுவத் தந்தவர் என்று மெதுவாகச் சொன்னாள். அதையும் எழுது என்றேன்.

இங்கே சொன்னதுக்கும் சாட்சி என்றுதான் பெயர், அங்கே சொன்னதுக்கும் சாட்சி என்றுதான் பெயர். அங்கே கை தட்டினவர்களில் ஒருவருக்காவது ஸலாஹுதீன் காக்காவைத் தெரியுமா? தெரியாத இருநூறு பேரிடம் சொல்வது லேசு மகன். ஆண்டவர் உன்னைத் தொடவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, நீ குடியை விட்டதுக்கு முழங்காலில் நின்று நன்றி சொன்னவள் நான். ஆனால் நீ இரட்சிப்புக்குத் தேதி சொல்கிறாய், என்னிடம் தேதி இல்லை. காலையில் எழும்பி, இன்றைக்கும் என்னைப் பிடித்துக்கொள்ளும் ஆண்டவரே என்று கேட்கிறேன், பத்து மணிக்குள் அப்பாவோடு வாய்காட்டிவிட்டுத் திரும்பவும் கேட்கிறேன். முப்பது வருடமாக இப்படித்தான் போகிறது. ஒருநாள் தண்ணீர் கட்டினதோடு வேளாண்மை விளைந்துவிடுமா? மன்னிப்பு சும்மா கிடைத்ததுதான், அதுக்காக அடுத்த நாள் வேலை இல்லாமல் போகாது.

முந்தாநாள் ஞாயிறு திருவிருந்து. போதகர் அப்பத்தை நீட்டினபோது என் கை எழும்பவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அப்பா கேட்டார், வயிற்றுக்குள் சரியில்லை என்றேன். உனக்காகச் சொன்ன முதல் பொய் அது. நேற்று இன்னொன்று. வருகிற திங்கட்கிழமை விதைப்புக் கூட்டத்தில் காக்காவின் பெயரைத் திரும்பவும் வட்டவிதானைக்குக் கொடுக்கப் போகிறார்களாம். நான் எழும்பி மறிப்பன், என்ட மகன் கண்ட சாட்சி என்று அப்பா துள்ளுகிறார். நானும் தலையாட்டினேன். அப்பா பொய்யர் இல்லை, உன்னை நம்பினவர். உன் பொய்யை அவர் இன்னொருமுறை ஊருக்கு முன்னால் சொல்லப் போகிறார்.

முதலில் காக்காவோடு கதை, பிறகு அப்பாவோடு கதை. அப்பா கத்துவார், கத்தட்டும். காக்கா மன்னிக்காமலும் விடலாம், ஏன் என்று கேட்க உனக்கு வாயில்லை. திங்கள் காலை எட்டரைக்குக் கூட்டம். அதுவரை நீ கதைக்காவிட்டால், பொம்பிளைகள் போகாத அந்தக் கூட்டத்துக்கு நான் போவேன். அப்பா எழும்ப முதல் எழும்பி, வெட்டினது என்ட மகன், தெரிந்தும் பதினைந்து நாள் வாய்மூடி இருந்தது நான் என்று இரண்டையும் சொல்லுவேன். ஆனால் நான் சொன்னால் என் பங்குதான் தீரும். உன் பங்கு அப்படியே கிடக்கும்.

ஆண்டவர் உன் நாக்குக்குத் தைரியம் தரட்டும், உன்னை ஒரு இடத்திலும் தனியே விடாமல் இருக்கட்டும். காக்காவின் நம்பரைச் சுஜித்தா தனியாக அனுப்புவாள். வெள்ளி பகல் எடுக்காதே, ஜும்ஆ தொழுகைக்குப் போயிருப்பார். வியாழன் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் நிற்பார். சுஹறா எடுத்தால் வைத்துவிடாதே, உன் பெயரைச் சொல்லு, அவவுக்கும் சொல்லு.

உன்னைப் பெற்ற அம்மா,
பாலம்மா