பதினோராம் அத்தியாயம்

பெப்ரவரி 11
வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வாசகர் வட்டம் இன்று அல்பிரட்டின் புத்தகத்தை நூலக அலுமாரியிலிருந்து எடுத்துவிடத் தீர்மானித்தது. வெடி போட்டு மீன் பிடித்து, பொலிஸில் அகப்பட்டு மறியலில் இருந்துவந்த மனிதர், சொந்தச் செலவில் அச்சடித்த வாழ்க்கைக் கதை. பதினோராம் அத்தியாயத்தில் வெடி செய்யும் முறை இருக்கிறதாம். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஹஸன். வேறு யார்? பாடசாலையில் எனக்கு வரவேண்டிய அதிபர் கதிரையில் ஓய்வு பெறும்வரை இருந்தவர். இப்போது நான் எதை வாசிக்கலாம் என்றும் அவரே சொல்கிறார்.

எழுதப் போகிறேன். பெயர் போட்டு.

பெப்ரவரி 14
வட்டத்தின் முகநூல் குழுவில் கட்டுரையைப் போட்டேன். ‘குற்றம் செய்தவனைப் பிடியுங்கள், புத்தகத்தை விடுங்கள்.’ கீழே என் பெயர், இரண்டு பட்டங்களோடு. பாராட்டுகள் வந்தபடி இருக்கின்றன.

ஹஸன் தொலைபேசியில் கேட்டார்: “சேர், அந்த அத்தியாயத்த வாசிச்சீங்களா?”

“வாசிக்காம எழுதுவனா?”

வாசிக்கவில்லை. முதல் சில அத்தியாயங்கள்தான். நல்ல நடை.

பெப்ரவரி 22
தீர்மானத்தைக் கைவிட்டார்கள். புத்தகம் திரும்ப அலுமாரியில். நல்ல நித்திரை.

மார்ச் 7
தபசுகால வெள்ளி, இறைச்சி கூடாது. மனைவி மக்டலினின் தம்பி றொபி ஒரு பை விளைமீன் தந்துவிட்டுப் போனான். முதல் மீனைப் பிளந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். நடுமுள் உடைந்து, அதோடு இரத்தம் கட்டியிருந்தது.

“இது வெடி மீன். பூனைக்கும் போடமாட்டன்.”

“றொபி வலைதானே போடுறவன்?”

“வலையில பட்ட மீனுக்கு முள்ளு ஏன் உடையுது? படிச்சவர்தானே, சொல்லுங்க.”

பருப்போடு சாப்பிட்டோம்.

மார்ச் 8
பதினோராம் அத்தியாயத்தை வாசித்தேன். மற்ற அத்தியாயங்களில் ஆட்கள் இருக்கிறார்கள் – வெடியில் செத்த அண்ணன், பொலிஸ் அடி, அல்பிரட்டின் பயம். இதில் ஒருவரும் இல்லை. எடு, நிரப்பு, பொறு. அளவோடு, சமையல் குறிப்பு மாதிரி. குற்றத்தைப் பற்றி எழுத அவருக்கு உரிமை உண்டு, இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இது குற்றத்தைப் பற்றியதா? வாசிக்கிறவனின் கையைப் பிடித்துச் செய்விக்கிறது.

றொபியிடம் கதைக்க வேண்டும். கதைத்தால் ஹஸன் சொன்னது சரி என்றாகிவிடும். நாளைக்குப் பூசை முடியக் கேட்கலாம்.

மார்ச் 9
றொபி எனக்கு முன் வரிசையில்தான் இருந்தான். கேட்கவில்லை.

மார்ச் 19
றொபியின் வலது கை. மணிக்கட்டோடு.

மார்ச் 20
புத்தளம் ஆஸ்பத்திரி. அவன் மனைவி சுஜாந்தி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நான் மறிச்சனான் அண்ணா. உங்கட எழுத்த போன்ல காட்டினவர். அத்தானே புத்தகத்தில பிழையில்ல எண்டு எழுதியிருக்கார், நீ என்ன கதைக்கிறாய் எண்டார்.”

நான் அப்படி எழுதவில்லை – எழுதவில்லையா?

றொபி கண் திறந்தான். “அத்தான், அதில சொன்ன மாதிரித்தான் செய்தன்.” கடைக்காரனிடம் முறையிடுவது போல.

பின்னேரம் ஹஸன் வந்தார். நோன்பு. உதடு காய்ந்திருந்தது, கையில் தோடம்பழப் பை. “உயிர் மிஞ்சினதே, அல்ஹம்துலில்லாஹ்” என்றார். கட்டுரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் பழையபடி அவரை வெறுத்திருக்கலாம். அதற்கும் இடம் தரவில்லை மனிதர்.

ஏப்ரல் 2
எழுதி முடித்தேன். புத்தகம் இருக்கட்டும், பதினோராம் அத்தியாயத்தை அல்பிரட் எடுத்துவிட வேண்டும். எழுத்துச் சுதந்திரம் என்று வாதாடியவர் அந்த அத்தியாயத்தை வாசிக்கவே இல்லை, அதனால் ஒரு குடும்பத்தின் உழைக்கிற கை போனது என்றும் எழுதியிருக்கிறேன். ‘வாதாடியவர்’ என்று. ‘நான்’ என்று அல்ல.

மக்டலின் வாசித்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள்.

“ஆரு இந்த வாதாடினவர்?” என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. தம்பிக்குச் சோறு ஊட்டிவிடப் போய்விட்டாள்.

குழுவில் பெயரை மறைத்துப் பதிய ஒரு வழி இருக்கிறது. அப்படியே போடுகிறேன்.